ஏழையின் பக்கத்தில் எழுந்து நிற்பவர் யார்?

(திருகோணமலையில் விவசாயிகள், மீனவர், ஆசிரியர், சட்டத்தரணிகள் ஆகியோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு காலைப் பொழுதைப் பற்றி முதலிற் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், இம்மாவட்டத்து நீதவான் நீதிமன்றமொன்றில், என் வழக்கு அழைக்கப்படும்வரை சட்டத்தரணிகளின் மேசையருகே அமர்ந்திருந்தேன். வெருகற் பக்கத்து விவசாயி ஒருவர் எதிரிக் கூண்டில் ஏறினார். சால்வையை இடுப்பிற் கட்டியிருந்தார். அரச காணியில் அத்துமீறிக் காடு வெட்டினார் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. “குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று கேட்கப்பட்டது. அவர் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார். எவரும் எழவில்லை. “குற்றவாளி, ஐயா” என்றார். தண்டப்பணம் விதிக்கப்பட்டது, கட்டினார், போய்விட்டார். மூன்று நிமிடமும் ஆகவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பின்னர் அவர் வாயாலேயே அறிந்தேன். சுற்றவாளி என்றால் இன்னொரு தவணை; இன்னொரு தவணை என்றால் இன்னொரு நாட்கூலியும் பேருந்துக் காசும். தண்டம் அதனிலும் மலிவு. கணக்குச் சரிதான். ஆனால் சில ஆண்டுகள் கழித்து, அதே காணிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு அவர் விண்ணப்பித்தபோது, தந்தையார் காலந்தொட்டுத் தாம் பயிர்செய்து வந்த நிலம் அது என்ற அவர் சொல் எடுபடவில்லை. அத்துமீறினேன் என்று நீரே ஒப்புக்கொண்டிருக்கிறீரே என்று வழக்கேட்டின் பிரதியை எடுத்து நீட்டினார்கள். அந்தப் பிரதியோடுதான் அவர் என்னிடம் வந்தார். அன்று அதே மன்றில் நான் இருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கூண்டிலிருந்து மேசைவரை ஆறடித் தூரம். எழுந்து, “கனம் நீதவான் அவர்களே, இவருடன் ஐந்து நிமிடம் பேச அனுமதி தாருங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் எழவில்லை.

அந்த ஐந்து நிமிடத்தை யார் தருவது என்பதே இன்று நாம் பேசவேண்டிய விடயம்.

ஏட்டில் என்ன இருக்கிறது என்று முதலிற் பார்ப்போம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை, குற்றஞ்சாட்டப்பட்ட ஒவ்வொருவரும் நேரிலோ சட்டத்தரணி மூலமோ தம் பக்கத்தை எடுத்துரைக்க உரித்துடையவர் என்கிறது. அந்தச் சட்டத்தரணிக்கு யார் பணம் கொடுப்பது என்பதைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. பொருள்வசதி அற்றவருக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவி வழங்கப்படல் வேண்டும் என்ற வாசகம், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தைத் தழுவி இயற்றப்பட்ட 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அதற்கு வெகுமுன்னரே, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு தாபிக்கப்பட்டது. திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு. மேல் நீதிமன்றில் எதிரிக்குச் சட்டத்தரணி இல்லையெனில், அவர் கேட்டுக்கொண்டால் மன்றே ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது.

இவ்வளவும் இருக்கையில் குறை எங்கே என்பீர்கள். பாரதூரமான குற்றங்களே மேல் நீதிமன்றுக்குப் போகின்றன. எங்கள் விவசாயியும் மீனவரும் நிற்பது நீதவான் நீதிமன்றில். அங்கே நியமனச் சட்டத்தரணி என்ற ஏற்பாடு நடைமுறையில் இல்லை. ஆணைக்குழுவின் நிலையங்களில் உழைக்கும் இளம் சட்டத்தரணிகளை நான் குறைகூறேன். அவர்களின் கதவைத் தட்டுவோரில் கணவனாற் கைவிடப்பட்டுத் தாபரிப்புக் கேட்டுவரும் பெண்கள் மிகுதி. அவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டு வேறெங்கும் ஓட எவருக்கும் மனம் வராது. அன்றியும், உதவி கேட்டு வருபவனுக்கே அந்தக் கதவு திறக்கும். காலையிற் பிடிபட்டு மாலையில் மன்றுக்குக் கொண்டுவரப்படுபவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

காணி விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இம்மாவட்டத்தில் ஏழையின் வழக்குகளுள் மண்ணைத் தொடாதவை மிகச் சில.

அரச காணிகளின் உடைமையை மீளப்பெறும் சட்டம் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கமாக நிறைவேறியது. அதிகாரி முதலில் வெளியேறும்படி அறிவித்தல் கொடுப்பார். வெளியேறாவிடில் நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிப்பார். அங்கே அழைக்கப்படுபவர், நான் முப்பது வருடம் இங்கே வாழ்ந்தேன், இது என் பாட்டன் வெட்டிய கிணறு, இதோ நான் வைத்த தென்னை என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்திலான அதிகாரமோ உண்டா என்ற ஒரே கேள்விதான். உண்டென்றால் காட்டுக, இல்லையென்றால் வெளியேறுக. நிரூபிக்கும் பாரம் காணியில் இருப்பவர் தலையில். 1990 இலும் 2006 இலும் உடுத்த துணியோடு ஓடியவர்களிடம் போய்ப் பத்திரம் எங்கே என்று கேட்பது இந்தச் சட்டம். பத்திரம் தொலைந்தாலும் அதன் பதிவு பிரதேச செயலகத்திலோ கச்சேரியிலோ காணி ஆணையாளர் அலுவலகத்திலோ இருக்கக்கூடும். அதைத் தேடியெடுக்கத் தவணை கேட்கலாம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாமையால் முதற் தவணையிலேயே முடிந்துபோன வழக்குகளை நான் கண்டிருக்கிறேன்.

மேலே போகலாமே என்பீர்கள். முன்பு மாகாண மேல் நீதிமன்றில், இங்கேயே திருகோணமலையில், எழுத்தாணை கேட்டு விண்ணப்பிக்கும் வழக்கம் இருந்தது. 2013 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26 ஆந் திகதி சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அரச காணி மாகாண சபையின் அதிகாரத்துட்பட்ட விடயமன்று. ஆதலின் அத்தகைய வெளியேற்றங்களுக்கு எதிரான எழுத்தாணையை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்க இயலாது. மேன்முறையீட்டு நீதிமன்றையே நாடவேண்டும் என்றாயிற்று. அந்நீதிமன்றம் கொழும்பில். அரசியற் கட்சிகள் இத்தீர்ப்பை அதிகாரப் பகிர்வின் கண்கொண்டு விவாதித்தன, விவாதிக்கத்தான் வேண்டும். ஆனால் தம்பலகாமத்து விவசாயிக்கு அதன் பொருள் வேறு. இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம், கொழும்புச் சட்டத்தரணியின் கட்டணம், தங்குமிடச் செலவு.

இன்னொன்று. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் மற்றவரின் தனியார் காணியைப் பத்து ஆண்டுகள் எதிருரிமையாக இடையறாது ஆண்டால் அது அவருக்கே சொந்தமாகலாம். போரினால் ஊரைவிட்டு ஓடியவர் திரும்பி வரும்போது அந்தப் பத்தாண்டு கழிந்திருக்கும். இந்த அநீதியை நீக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, போர் நிலைமை காரணமாகத் தம் உரிமையை நாட முடியாதிருந்தவருக்கு அக்காலத்தைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்றது அது. நல்ல சட்டம். ஆனால் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரவேண்டும் என்ற எல்லையும் அதில் இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் இம்மாவட்டத்தின் கிராமங்களுக்குப் போய், இப்படி ஒரு சட்டம் வந்திருக்கிறது, உங்கள் உறுதியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னவர் எத்தனை பேர்? நம்மில் எத்தனை பேர்? வாசல் திறந்ததும் தெரியாது, மூடியதும் தெரியாது. அதன் பின் என்னிடம் வந்தவர்களுக்கு அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தே சொன்னேன்.

இதற்கு மாறாகச் சம்பூரைப் பாருங்கள். 2006 இல் இடம்பெயர்ந்த அம்மக்களின் நிலத்தில் 818 ஏக்கர், 2012 இல் கனரகக் கைத்தொழிலுக்கென வர்த்தமானியில் எடுத்துக்கொள்ளப்பட்டது, 2015 இல் அந்த அறிவித்தல் நீக்கப்பட்டது, மக்கள் திரும்பினார்கள். ஆட்சி மாறியதும் அதற்கு ஒரு காரணம். மறுக்கவில்லை. ஆனால் முகாம்களில் இருந்த காலமெல்லாம் அவர்கள் தங்கள் கோரிக்கையைக் கைவிடாமல் ஒன்றாக நின்றார்கள், மன்றுக்கும் போனார்கள். தனியாக நின்றவன் இழந்ததையும் கூட்டாக நின்றவர் பெற்றதையும் இந்த ஒரே மாவட்டத்தில் நாம் கண்டோம்.

மீனவ நண்பர்களின் குறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதை என்னைவிட நீங்கள் நன்கறிவீர்கள். தடைசெய்த வலை என்ற குற்றச்சாட்டில், 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டத்தின் கீழ் ஒருவர் பிடிபட்டால், வலையும் படகும் சான்றுப் பொருளாகிவிடும். வழக்கு ஆறுமாதம் இழுபட்டால் இயந்திரம் துருப்பிடிக்கும். தண்டத்தைவிட அந்த நட்டமே பெரிது. படகைப் பிணைமுறியில் விடுவிக்கும்படி முதல் நாளே மன்றிற் கேட்கவேண்டும். கேட்பவர் இருந்தாற் கேட்பார்.

பொலிஸ் நிலையத்துக்கு வருவோம். சட்டத்தரணி தம் கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று பேசலாம், அவரை மரியாதையாக நடத்தவேண்டும் என்று 2012 இல் பொலிஸ் மா அதிபரின் விதிகள் வர்த்தமானியில் வந்தன. காலம் கடந்து வந்த விதி. அதற்கு முன் என்ன நேர்ந்தது என்பதற்கு உலகறிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993 இல் கைதானார். பயங்கரவாதத் தடைச் சட்டம், அதாவது 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க இடந்தந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. பொலிஸ்காரர் ஒருவரே மொழிபெயர்த்தார். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது, கைநாட்டு வைத்தார். 1995 இல் ஐம்பது ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இல் அவருக்கு நீதியான விசாரணை கிட்டவில்லை என்று கண்டது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அவர் விண்ணப்பத்தைத் தள்ளிற்று. கவனியுங்கள்: வழக்கு நடந்தபோது அவருக்குச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். இல்லாதிருந்தது அந்தக் கைநாட்டு வைக்கப்பட்ட அறையில். முதல் நாள் வராத சட்டத்தரணி பின்னர் பத்து ஆண்டு வாதாடினாலும் அந்த ஒரு தாளை அழிக்க முடியவில்லை.

சாட்சிக்கும் துணை வேண்டும். 1996 பெப்ரவரி 11 இல் கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் நடந்த கொலைகளின் வழக்கு அநுராதபுரத்தில் விசாரிக்கப்பட்டு, 2016 யூலையில் எதிரிகள் அறுவரும் விடுதலையாயினர். இருபது ஆண்டுகள் காத்திருந்த கிராமத்தவர் சாட்சி சொல்ல அவ்வளவு தூரம் போய்வந்தார்கள். 2006 சனவரி 2 இல் இந்த நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்ட வழக்கில் 2019 இல் பதின்மூன்று பேரும் விடுவிக்கப்பட்டனர். சாட்சிகள் அச்சத்தால் நாடுவிட்டுப் போயிருந்தனர். இதற்கு மேல் இதைப்பற்றிப் பேச இன்று என்னால் இயலாது.

என் தொழில்சார் நண்பர்களுக்கு ஒரு சொல். நமது வழக்கறிஞர் பரம்பரை தன்னலமற்றது என்று மேடைகளிற் சொல்வோம். (எங்கள் பாட்டன்மார் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இரண்டாகச் சொன்னதை 1974 முதல் சட்டத்தரணி என்று ஒன்றாக்கினார்கள், கட்டணம் மட்டும் ஒன்றாகவில்லை.) 1976 இல் அமிர்தலிங்கம் முதலிய தலைவர்கள் துண்டுப்பிரசுரம் வழங்கியதற்காக மூன்று நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டபோது, செல்வநாயகமும் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் உள்ளிட்ட அறுபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சட்டத்தரணிகள் அணிவகுத்தார்கள். வாழ்நாளெல்லாம் எதிரெதிரே நின்ற அவ்விருவரும் ஒரே பக்கத்தில் நின்ற காட்சியை மூத்தோர் இன்றும் சொல்லி மகிழ்வர். எனக்கும் அதிற் பெருமையே. ஆனால் அந்த வாரம் ஆடு திருடியதாகச் சொல்லி விளக்கமறியலில் இருந்த ஒருவனுக்கு எத்தனை பேர் நின்றார்கள்? தலைவனுக்கு அறுபது பேர், தொண்டனுக்கு ஒருவருமில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்திற் சிக்கிய பெயர் தெரியாத இளைஞருக்காக ஆண்டுக்கணக்கில் கட்டணம் வாங்காமல் தோன்றிய குமார் பொன்னம்பலம் 2000 சனவரி 5 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலோடு உடன்படாதவரும் அந்தப் பணியை மறவார்.

உலகில் இதை எப்படிச் செய்தார்கள்? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பனாமா சிற்றி என்ற கடலோர ஊரில், பில்லியார்ட்ஸ் விடுதியொன்றை உடைத்துத் திருடியதாக 1961 இல் கிடியன் என்பவன் பிடிபட்டான். சட்டத்தரணி வைக்கக் காசில்லை, அரசு தரவேண்டும் என்று கேட்டான், மறுத்தார்கள். தானே வாதாடினான், ஐந்து ஆண்டுச் சிறை. சிறைக்குள்ளிருந்து பென்சிலால் மனு எழுதி அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றுக்கு அனுப்பினான். 1963 மார்ச்சில் அந்நீதிமன்றம், பாரதூரக் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே சட்டத்தரணியைத் தரவேண்டும் என்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் மறுவிசாரணை. அதே குற்றச்சாட்டு, அதே முக்கிய சாட்சி. இப்போது பக்கத்தில் ஒரு சட்டத்தரணி. அவர் குறுக்கு விசாரணை செய்தார். யூரிகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சுற்றவாளி என்றார்கள். ஆயினும் அந்நாட்டின் பல இடங்களில் பின்னர் நடந்ததையும் மறைக்கலாகாது: ஒரே சட்டத்தரணியின் தலையில் நூற்றுக்கணக்கான வழக்குகள் குவிந்தன, கூண்டருகே முதன்முதலாகச் சந்தித்து, குற்றத்தை ஒப்புக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகும் நிலை வந்தது. இந்தியாவில் விசாரணையின்றிப் பீகார்ச் சிறைகளிற் கிடந்தோரின் வழக்கு 1979 இல் அதியுயர் நீதிமன்றைத் தட்டியெழுப்பிற்று. 1987 இல் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வர 1995 ஆயிற்று. சட்டம் இயற்றுவது எளிது. நடத்துவதே கடினம்.

ஆகவே நடத்துவதைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் சிலர் கூடிப் பேசியிருப்பது இது. நீதவான் நீதிமன்றில் நாள்தோறும் ஒரு சட்டத்தரணி காலை எட்டரை மணிக்கே இருப்பார். அன்று முதன்முதலாகக் கொண்டுவரப்படும் ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேளாவிட்டாலும், போய்ப் பேசுவார். பிணையே முதல் வேலை. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குவதே விதி என்கிறது. ஆனால் சரீரப் பிணைக்கு ஆளில்லாமலும் ஆளுக்குக் கிராம உத்தியோகத்தரின் பத்திரம் இல்லாமலும் விளக்கமறியலிற் கிடப்போர் உண்டு. அந்த ஆளையும் பத்திரத்தையும் தேடுவது சட்டத்தரணியின் வேலையன்று. ஊரிலுள்ள ஓர் இளைஞனோ ஆசிரியரோ தொலைபேசியில் செய்து முடிக்கலாம். இதற்குக் கிராமத்துக்கு ஒருவர் வேண்டும்.

இலவசம் என்ற சொல்லுக்கு நான் அஞ்சுகிறேன். காசு வாங்காத வழக்கு, காசு வாங்கிய வழக்கு அழைக்கப்படும்போது தவணை போய்விடும். இது மனித இயல்பு. எனவே நாளுக்கு இவ்வளவு என்று சிறு தொகையாயினும் மாதம் தவறாமற் கொடுக்கவேண்டும். வழக்குக்கு இவ்வளவு என்று கொடுத்தால், சீக்கிரம் முடிக்கும் ஆசையில் ஒப்புக்கொள்ளச் சொல்லும் பழக்கம் வரும். ஒருவர் கையில் எத்தனை கோவை என்பதற்கும் வரம்பு வேண்டும். வரம்பு கடந்தால் அடுத்தவருக்கு. அடுத்தவரும் இல்லையென்றால் இயலாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். பொய்யான நம்பிக்கையைவிட அது மேல். சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போட்டியாக இது எழவில்லை. அவர்கள் எடுக்கக்கூடிய வழக்கை அன்றே அவர்களிடம் கூட்டிச்செல்வோம்.

பணம் எங்கிருந்து வரும்? விவசாயச் சங்கங்களிடம் போகத்துக்கு வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல் கேட்டோம். ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, என்ர மாட்டைக் களவெடுத்தவனுக்கு என்ர நெல்லிலயோ அப்புக்காத்து?” என்று கேட்டார். சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அது நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னேன்: “ஐயா, மாட்டைத் திருடியவன் யார் என்பது உங்களுக்குத் தெரிந்தால் வழக்கே வேண்டாம். தெரியாதபடியாற்றானே விசாரணை? வேறொருவனைப் பிடித்து அவன் பயத்தில் ஒப்புக்கொண்டால், உங்கள் மாடும் வராது, கள்ளனும் பட்டியருகேதான் நிற்பான்.” அவர் உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த கூட்டத்துக்கு ஒரு சாக்கு நெல்லோடு வந்தார். ஆனாலும் மாட்டுத் திருட்டு வழக்குக்கு இதைச் செலவழிக்கலாகாது என்று நிபந்தனை போட்டார். நிபந்தனையை ஏற்கவில்லை, நெல்லையும் அவர் திருப்பி எடுக்கவில்லை.

கடைசியாக ஒரு விடயத்தில் நான் பிடிவாதக்காரன். எங்கள் தொழிலில் கட்சிக்காரர் என்றால் வழக்காளி. நான் நாடோறும் பழகும் அரசியலில் கட்சிக்காரர் என்றால் வேறு. இவ்விரண்டு சொல்லும் இந்தப் பதிவேட்டில் ஒன்றாகிவிடக் கூடாது. எங்கள் கட்சிக்கு வாக்களித்தாரா என்று கேட்டு எவருக்கும் சட்டத்தரணி வழங்கப்படமாட்டாது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரரும் கந்தளாய்ச் சிங்கள விவசாயியும் அதே கூண்டில், அதே தனிமையில் நிற்கிறார்கள். ஆதலின் பதிவேடு என் வீட்டிலோ கட்சி அலுவலகத்திலோ இராது. ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளர் ஒருவர் அதை வைத்திருக்க இசைந்துள்ளார். கணக்கு மாதந்தோறும் சங்கங்களுக்கு வாசிக்கப்படும்.

வாசலில் மூன்று கொப்பிகள் இருக்கின்றன. முதலாவதில் சட்டத்தரணிகள் தாம் வரக்கூடிய நாட்களை எழுதுக. திங்கட்கிழமைகளுக்கு இதுவரை ஒருவருமில்லை, முதல் இரண்டையும் நான் எடுத்திருக்கிறேன். இரண்டாவதில் கிராமத்துக்கு ஒருவர் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுக. மூன்றாவது, இப்போது விளக்கமறியலில் உறவினர் உள்ளோருக்கு. அதில் எழுதுவோர் இன்று போவதற்கு முன் என்னைச் சந்தியுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.